பழைய மூங்கில் தூண்டிலுக்குச் சிக்கனமாய் ஒரு ரீல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றில் சேலையை அறுத்து இறக்கிய பிறகு மிஞ்சுகிற பாவு நூல் சில முழம் கிடைத்தால் போதும். அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயத் தூண்டில் கோல் ஒன்றின் தளர்ந்த கட்டுகளை அதை வைத்தே புதுப்பித்துவிடலாம். அந்தக் காலத்து மூங்கில் கோல்களில் நூல் ஓடும் உலோக வளையங்களை ஆணி அடித்தோ துளை போட்டோ பொருத்தவில்லை. வளையத்தின் இரண்டு காலையும் கோலின் மீது வைத்து, மெல்லிய பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே வார்னிஷ் பூசி நிறுத்தினார்கள். வெள்ளைப் பட்டாக இருந்தால் வார்னிஷ் பட்டதும் நூல் கண்ணாடி போல ஆகி, அடியில் இருக்கும் மூங்கிலின் நரம்பு வரை தெரியும். சிவப்பு நூல் இருண்டு அரக்கு நிறத்துக்குப் போய்விடும். பசை நீக்கி, முறுக்கேற்றி, சாயம் தோய்த்த பட்டு காஞ்சியில் எடைக்குக் கிடைக்கிறது. தூண்டில் கோலுக்குத் தேவைப்படுவது ஒரு கிராம்கூட இருக்காது.

கட்டு மட்டுமல்ல, கோலில் ஓடிய நூலும் அன்று பட்டுதான். பட்டைப் பின்னி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்திய நூல் அது. அதன் நுனியில் இரையாகக் கட்டும் போலி ஈயைத் தாங்கிய மெல்லிய இழையும் பட்டுப்புழுவிலிருந்தே வந்தது. ஸ்பெயினின் முர்சியா பகுதியில், கூடு கட்டத் தயாராக இருக்கும் புழுவைக் காடியில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை இரு கையாலும் இழுத்து ஒற்றை இழையாக நீட்டுவார்கள். 1930களின் இறுதியில் நைலான் வந்த பிறகுதான் அந்தத் தொழில் ஓய்ந்தது.

ஆகவே கோலைச் சீராக்குவது பட்டு ஊர்க்காரர்களுக்குப் பெரிய வேலையில்லை. அதன் அடியில் மாட்ட வேண்டிய ரீல்தான் சிக்கல். பழைய கோலுக்குப் பழைய ரீல்தான் பொருந்தும், அதுவும் பெயர்பெற்ற ரீலாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தப் பெயர்பெற்ற ரீலின் விலையைக் கேட்டதும் கோலைத் திரும்பப் பரணில் போட்டுவிடுகிறார்கள். இது தேவையே இல்லாத தயக்கம். இந்த வகைத் தூண்டிலில் மிகக் குறைவாக வேலை செய்கிற பாகம் ரீல்தான்.

ஏரிக்கரையில் நாம் பார்க்கிற தூண்டிலில் தங்கூஸ் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு இருக்கும். வீசும்போது குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங் இதற்கு நேர் எதிர். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் கட்டிச் செய்த போலி ஈக்குக் கனமே கிடையாது. கனம் முழுவதும் நூலில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் ஆட்டும்போது நூல் காற்றில் சுருண்டு விரிந்து, ஈயைத் தண்ணீரில் கொண்டுபோய் வைக்கிறது. வீசுவதற்கான நூலை இடது கையால் முன்கூட்டியே ரீலிலிருந்து உருவி வைத்துக்கொள்வார்கள். வீச்சு நடக்கும் நேரத்தில் ரீல் சும்மா இருக்கிறது. மிச்ச நூலைச் சுற்றி வைப்பதும், மீன் ஓடும்போது நூல் தாறுமாறாக அவிழ்ந்து சிக்காமல் காப்பதும்தான் அதன் வேலை.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கோல்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு நீலகிரிதான் பதில். குளிர்ந்த ஓடையில் மட்டுமே வாழும் ட்ரௌட் மீனை இங்கே கொண்டுவர 1860களிலேயே முயற்சி தொடங்கிவிட்டது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்து இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே அதில் ஈடுபட்டுத் தோற்றவர்களில் ஒருவர். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. 1879இல் நீலகிரியின் விலங்குகளையும் மீன்களையும் காக்க மதராஸ் அரசு தனிச் சட்டமே போட்டது. ட்ரௌட் நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரின் பொறுப்பில் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கிருந்து வானவில் ட்ரௌட் மேல்பவானிப் பக்கத்து ஓடைகளுக்கும் அணைகளுக்கும் போனது. தோட்டத் துரைமார்களும் அதிகாரிகளும் இங்கிலாந்திலிருந்து கோல்களைத் தருவித்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது விட்டுப்போனவை எஸ்டேட் பங்களாக்களிலும் கிளப்களிலும் தங்கி, பிறகு ஏலக் கடைகள் வழியாகக் கை மாறின.

இந்தக் கோல்களுக்கு இந்தியாவோடு இன்னொரு உறவும் உண்டு. மூங்கிலை முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஆறு சிம்பை ஒட்டி அறுகோணமாக்கிச் செய்வதுதான் இந்தக் கோல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குப் பயன்பட்டது ‘கல்கத்தா மூங்கில்’ என்ற பெயரில் ஏற்றுமதியான நம் கல்மூங்கில். போலீஸ்காரர் கையில் இருந்த லத்தியும் அதே மூங்கில்தான். பிறகு சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து வந்த டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1950இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை போட்டதும் மூங்கில் வரத்து நின்று, கண்ணாடி இழைக் கோல்கள் சந்தையை எடுத்துக்கொண்டன.

ரீல் தேடும் முன் கோலையே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. சிம்புகள் ஒட்டு விட்டிருக்கின்றனவா என்று நகத்தால் கீறிப் பார்க்கலாம். கோலை லேசாக முறுக்கினால் கிறீச்சென்று சத்தம் வந்தால் ஒட்டு விட்டுப்போயிற்று என்று அர்த்தம். துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்கள் ஆடக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் மரப்பெட்டியில் வைத்து ஏராளமாக விற்ற மூங்கில் செட்டுகளும் சந்தையில் உலவுகின்றன. கண்ணைப் பறிக்கும் வண்ணக் கட்டுகளோடு அழகாக இருக்கும். அலமாரியில் வைக்க ஏற்றவை, ஓடையில் வீச அவ்வளவு உதவாது. அப்படிப்பட்ட கோலுக்கு ரீல் வாங்குவது வீண் செலவு.

கோல் தேறிவிட்டால் அடுத்த கேள்வி, அது எந்தக் கனமுள்ள நூலுக்காகச் செய்யப்பட்டது என்பது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பட்டு நூல் காலத்தில் நூலைத் தடிமன் வைத்துக் குறித்தார்கள். எச் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, இ என்றால் 40, டி என்றால் 45, சி என்றால் 50. இரு முனையும் மெலிந்து நடுவில் தடித்த நூலை மூன்று எழுத்தில் சொல்வார்கள்: எச்-டி-எச், எச்-சி-எச் என்று. செயற்கை நூல்கள் வந்த பிறகு தடிமனை வைத்துக் கனத்தைச் சொல்ல முடியாமல் போயிற்று. 1961இல் அமெரிக்க மீன்பிடிக் கருவி உற்பத்தியாளர் சங்கம் புதிய அளவு கொண்டுவந்தது. நூலின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதுதான் இப்போது எண். 5ஆம் எண் நூல் 9.1 கிராம், 6ஆம் எண் 10.4 கிராம், 7ஆம் எண் 12 கிராம். கோலில் எச்-இ-எச் என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 5, எச்-டி-எச் என்றால் 6, எச்-சி-எச் என்றால் 7 என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், எட்டரை அடிச் சுற்றில் இருக்கும் ட்ரௌட் கோலுக்கு 5இல் தொடங்குவதுதான் பாதுகாப்பு. வயதான மூங்கிலில் அதிகக் கனமான நூலைப் போட்டு வீசினால் நுனித் துண்டு முறிந்துபோகலாம்.

நூலின் எண் தெரிந்தால் ரீலின் அளவு தானாக வந்துவிடும் என்று தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. மிதக்கும் பிளாஸ்டிக் நூல் அதே எடையுள்ள பட்டு நூலைவிடத் தடிமனானது. எச்-டி-எச் பட்டு நூலையும் அதன் அடியில் முதலில் சுற்றும் ‘பேக்கிங்’ என்ற மெல்லிய நூல் ஐம்பது மீட்டரையும் வசதியாகக் கொண்ட பழைய ரீலில் இன்றைய 6ஆம் எண் நூல் விளிம்பு வரை வந்து சட்டத்தில் உரசும். ஆகவே பழைய ரீல் வாங்குகிறவர்கள், அந்தக் காலத்துக் கேட்லாக் சொல்வதைவிட ஒரு சுற்றுப் பெரியதாக எடுக்க வேண்டும், அல்லது பேக்கிங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 5, 6 எண் நூலுக்கு மூன்றேகால் அங்குல விட்டம் பொதுவாகச் சரியாக இருக்கும்.

அடுத்தது எடை. இன்றைய கார்பன் கோல்கள் நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். எட்டரை அடி மூங்கில் கோல் 130 முதல் 160 கிராம் வரை இருக்கும், அந்தக் கனத்தில் பெரும்பகுதி கைப்பிடிக்கு முன்னால் நீண்டிருக்கும். இப்போது வரும் ரீல்களில் எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. அந்த இறகு போன்ற ரீலை மூங்கில் கோலில் மாட்டினால் நுனி கீழே தாழ்ந்து, அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். மூங்கில் கோலுக்குக் கனமான ரீல்தான் வேண்டும், கனமான ரீல் பெரும்பாலும் மலிவான ரீலாகவே இருக்கிறது. சிக்கனக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

எவ்வளவு கனம் என்பதைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கோலைப் பொருத்தி, சிறிய துணிப்பையில் அரிசி போட்டு, ரீல் உட்காரும் இடத்தில் கட்டுங்கள். கார்க் கைப்பிடியில் வழக்கமாக ஆள்காட்டி விரல் படுகிற இடத்தில் கோலை ஒற்றை விரலில் தாங்கி நிறுத்துங்கள். நுனி தாழ்ந்தால் அரிசி சேருங்கள், அடி தாழ்ந்தால் குறையுங்கள். கோல் கிடையாக நின்றதும் பையை எடை போடுங்கள். காஞ்சியில் நெசவாளர் வீட்டுத் தராசு ஒவ்வொரு கிராமையும் காட்டும். பட்டும் சரிகையும் எடைக் கணக்கில் வந்து எடைக் கணக்கில் போகிற பொருள்கள் அல்லவா. கிடைத்த எடையில் நூலுக்கும் பேக்கிங்குக்குமாக ஏறத்தாழ 30 கிராமைக் கழித்தால் வருவது வெறும் ரீலின் எடை. பத்து இருபது கிராம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை.

பிறகு பாதம். ரீலின் அடியில் படகு வடிவில் ஒரு தகடு இருக்கும். அதன் இரு முனையும் கோலில் உள்ள வளையத்துக்குள்ளும் குப்பிக்குள்ளும் நுழைய வேண்டும். இதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான கறாரான அளவு கிடையாது. பழைய ஆங்கிலேயக் கோல்களின் நகரும் வளையத்துக்குள் இன்றைய ரீல் சிலவற்றின் தடித்த பாதம் நுழையாது. வாங்கப் போகும்போது கோலைத் தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால், ரீல் உட்காரும் பள்ளத்தின் நீளத்தையும் அகலத்தையும் தாளில் வரைந்து, வளையத்தின் உள் உயரத்தையும் குறித்து எடுத்துப் போகலாம். நூலிழை அளவுக்கு அதிகமாக இருந்தால் மலிவான புது ரீலின் பாதத்தை அரத்தால் ராவிக்கொள்ளலாம். பழைய ரீலிலோ, கோலின் வளையத்திலோ அரத்தை வைக்கவே கூடாது. ஒருமுறை ராவிய பாதம் திரும்ப வளராது, விற்கும்போது மதிப்பும் பாதியாகும்.

மீன் ஓடும்போது பிடித்து நிறுத்தும் அமைப்பைப் பற்றி விளம்பரங்கள் பக்கம் பக்கமாகப் பேசும். கடலில் பெரிய மீனோடு மல்லுக்கு நிற்பவர்களுக்கு அது அவசியம். நீலகிரி ஓடையில் அகப்படும் ட்ரௌட் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குக் கீழே. அதற்குப் பற்சக்கரத்தின் மீது சிறு நாக்கு உரசி ‘கிர்ர்’ என்று ஓசை எழுப்பும் பழைய கிளிக் அமைப்பே போதும். மிச்சப் பிடியை உள்ளங்கை பார்த்துக்கொள்ளும். அதில் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. நாக்கு தேய்ந்தால் கடிகாரம் பழுது பார்ப்பவரோ லேத் பட்டறைக்காரரோ புதிதாகச் செய்து கொடுத்துவிடுவார்.

எந்த ரீல்? இங்கிலாந்தில் ஆல்னிக் ஊரில் 1872இல் தொடங்கிய ஹார்டி நிறுவனத்தின் ‘பெர்ஃபெக்ட்’, 1891 முதல் விற்பனைக்கு வந்த ரீல். அதன் பேரழகை மறுக்க முடியாது. ஆனால் அது சேகரிப்பாளர்களின் பொருளாகி, விலை எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. மீன் பிடிப்பதற்கென்று அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே காலத்துக் கோல்களில் சாமானிய ஆங்கிலேயர்கள் மாட்டியவை, ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ரெட்டிச் நகரில் ஜே.டபிள்யூ. யங் நிறுவனம் செய்த பியூடெக்ஸ், பிரைடெக்ஸ், காண்டெக்ஸ் ரீல்கள். வேலையில் குறையில்லாதவை, விலையில் ஹார்டிக்குப் பக்கத்திலேயே வராதவை. அமெரிக்கத் தரப்பில் ஃப்ளூகர் கம்பெனியின் ‘மெடலிஸ்ட்’. பல பத்தாண்டுகள் ஆக்ரன் நகரில் செய்யப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன ரீல் அது. எண்ணிக்கை அதிகம் என்பதால் பழையது மலிவாகக் கிடைக்கிறது, உதிரி பாகமும் கிடைக்கிறது. வலது கையால் சுற்றுவதை இடது கைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். மூன்றேகால் அங்குலச் சுற்றில் உள்ள 1494 எண் மாடல், எட்டரை அடி மூங்கில் கோலுக்குக் கனத்திலும் கொள்ளளவிலும் நன்றாகப் பொருந்துகிறது. ஒரே ஒரு ரீலைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். இது அகப்படாவிட்டால், பழைய பாணியில் இன்று சீனாவில் வார்க்கப்படும் எளிய கிளிக் ரீலும் வேலைக்கு ஆகும். வார்ப்பு அலுமினியம் கீழே விழுந்தால் உடையும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

பழைய ரீலைக் கையில் வாங்கியதும் முதலில் சுழற்றிப் பார்க்க வேண்டும். நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சட்டத்தில் உரசாமல், தள்ளாடாமல் சுற்றுகிறதா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் நெருக்கமாகவும் தெரிந்தால் சட்டம் நசுங்கியிருக்கிறது. திருகுகளின் தலை பிய்ந்திருந்தால் தெரியாதவர் கை பட்டிருக்கிறது. ஸ்பூலைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். கறுத்துப்போன பழைய கிரீஸ் பரவாயில்லை, மண்ணெண்ணெயில் கழுவினால் போய்விடும். உலோகத்தில் வெள்ளைப் பொடியும் குழியும் தெரிந்தால் உப்புக் காற்று தின்ற ரீல். சென்னை, புதுச்சேரி பக்கம் கிடைப்பவற்றில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயின்ட் உரிந்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம், அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பவர்கள் தபால் செலவையும் சுங்க வரியையும் முதலில் கணக்குப் போட வேண்டும். மலிவான ரீலுக்கு அவை இரண்டும் சேர்ந்து ரீலின் விலையையே தாண்டிவிடலாம். ஊருக்கு வரும் சொந்தக்காரர் பெட்டியில் ஓரமாக வைத்துக்கொண்டு வந்தால் அந்தச் செலவு மிச்சம்.

மிச்சப்பட்ட பணத்தை நூலில் போடுங்கள். கோலின் வீச்சைத் தீர்மானிப்பது நூல்தான். அதிலும் சிக்கனத்துக்கு வழி இருக்கிறது. இரு முனையும் ஒரே மாதிரி மெலிந்த ‘டபுள் டேப்பர்’ நூலை நடுவில் வெட்டினால் இரண்டு நூல். ஒவ்வொன்றும் 13 மீட்டருக்கு மேல் இருக்கும். பத்தடி அகலமுள்ள மலை ஓடையில் அதைத் தாண்டி யாரும் வீசுவதில்லை. அடியில் பேக்கிங் சேர்த்துக் கட்டினால் ரீலும் நிறையும், மேலே சொன்ன உரசல் சிக்கலும் தீரும். பட்டு நூலே வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் இன்றும் சிலர் செய்து தருகிறார்கள். விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். மிதப்பதற்கு மெழுகுப் பசை தடவ வேண்டும், ஒவ்வொரு நாள் மாலையும் ரீலிலிருந்து அவிழ்த்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் மக்கிவிடும். ஊட்டி மழைக்காலத்தில் இது லேசான காரியமல்ல.

கோலும் ரீலும் நூலும் சேர்ந்த பிறகு எங்கே வீசுவது என்பதையும் முறையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ட்ரௌட் வாழும் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடுவதற்கு 1972ஆம் வருட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. மற்ற நீர்நிலைகளுக்கு உதகையில் மீன்வளத் துறையையும் வனத் துறையையும் விசாரித்து அனுமதி பெற்றே போக வேண்டும். மலை ஏற முடியாதவர்கள் பழகுவதற்கு ஜிலேபிக் கெண்டை இருக்கும் ஏரி போதும். மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887லேயே இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினால் போதும்.

இன்னொரு வேண்டுகோள், பழைய சாமான் வைத்திருப்பவர்களுக்கு. எஸ்டேட் வீடுகளைக் காலி செய்யும்போது மூங்கில் கோல் அடுப்புக்கும், ரீல் பழைய அலுமினியத்தோடு எடைக்கும் போகிறது. அப்படிப் போடும் முன் ரீலின் முதுகைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஹார்டி, யங், ஃப்ளூகர் என்ற பெயர்களில் ஒன்று பொறித்திருந்தால் காயலான் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். மீன் பிடிக்கிற யாரிடமாவது கொடுங்கள், நியாயமான விலை தருவார்கள்.